காப்பி யாருக்கு?

காப்பியைப் பற்றி ஒரு தர்ம விசாரமா என்று வாசக அன்பர்கள் புன்னகைக்கக்கூடும். நாயன்மார்களைப் பற்றியும் விரத மகிமையைப் பற்றியும் எழுதும் பக்கத்தில் காப்பிக்கு என்ன வேலை என்று பெரியவர்கள் கேட்டாலும் தவறில்லை. ஆனால் விடிந்ததும் நம் வீடுகளில் முதலில் நடக்கும் காரியம் எது என்று எண்ணிப் பார்த்தால், சுவாமி விளக்கு ஏற்றுமுன் அடுப்பில் பால் ஏறிவிடுகிறது என்பதைப் பலரும் ஒப்புக்கொள்வார்கள். நாள் தவறாமல் செய்யும் காரியத்தில் நம் குணமும் கொஞ்சம் தெரியத்தான் செய்யும். அந்த எண்ணத்தில்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் வட்டத்தில் ஏழெட்டுக் குடும்பங்கள். மாதம் ஒரு முறை ஒருவர் வீட்டில் பஜனை, பிறகு சாப்பாடு, கடைசியில் காப்பி என்பது பல வருடப் பழக்கம். வளைகுடாவுக்கு வந்த புதிதில் எல்லோர் பெட்டியிலும் துணிமணிக்கு நடுவே காப்பிப்பொடிப் பொட்டலம் வந்தது. ஊருக்குப் போய் வருகிறவரிடம், "அரைக் கிலோ, சிக்கரி கம்மியாக" என்று சொல்லி அனுப்புவோம். கும்பகோணத்துக் காப்பியின் ருசிக்குக் காவிரித் தண்ணீர்தான் காரணம் என்று அடித்துச் சொல்லும் நாம், கடல்நீரைக் குடிநீராக்கிக் குழாயில் விடும் இந்த ஊரிலும் அதே ருசியை வரவழைத்துவிட்டோம் என்று பெருமைப்பட்டதும் உண்டு.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வீட்டிலேயே அடைந்து கிடந்த நாட்களில் எங்களில் ஒருவர் எஸ்பிரெஸ்ஸோ மெஷின் ஒன்று வாங்கினார். அதைப் பார்த்து இன்னொருவர், பிறகு மூன்றாமவர் என்று அது பரவியது. இன்று எங்கள் வட்டத்தில் நான்கு வீடுகளில் மெஷின் இருக்கிறது. காப்பிக்கொட்டை அரைக்க ஒரு தனி மெஷின், பத்தில் ஒரு கிராம்வரை காட்டும் தராசு, பால் நுரைக்கும் குவளை என்று மேடை முழுவதும் சாமான்கள். எல்லாம் சேர்த்தால் சில ஆயிரம் திர்ஹாம் ஆகிவிடும். பித்தளை ஃபில்டர் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறோம். பதினெட்டு கிராம் கொட்டையை எடை போட்டு, மிக நைசாக அரைத்து, சிறு கிண்ணத்தில் சமமாக அழுத்திப் பொருத்த வேண்டும். காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு அழுத்தத்தில், கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த சூட்டில், வெந்நீர் அதனூடே பாயும். இருபத்தைந்திலிருந்து முப்பது விநாடிக்குள் முப்பத்தாறு கிராம் அளவுக்குத் தேன்நிற நுரையுடன் கறுத்த காப்பி இறங்க வேண்டும். விரைவாக இறங்கினால் புளிக்கும், தாமதித்தால் கசக்கும். புதுப் பாக்கெட் பிரித்தால் அரைவையைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். சரியாக வரும்வரை இரண்டு மூன்று கோப்பை வீணாவது சகஜம்.

இத்தாலியில் 1901-ஆம் ஆண்டு லூயிஜி பெஸ்ஸேரா என்பவர் இப்படிப்பட்ட இயந்திரத்துக்கு உரிமை பதிவு செய்தார். அவர் காலத்தில் நீராவிதான் அழுத்தம் தந்தது. 1940-களின் இறுதியில் அக்கிலே காஜ்ஜியா என்ற மிலான் நகரத்துக்காரரின் நெம்புகோல் இயந்திரம் வந்த பிறகே இன்றைய அழுத்தமும் நுரையும் வந்தன. எஸ்பிரெஸ்ஸோ என்ற சொல்லுக்கு விரைவு, பிழிதல் என்ற பொருள்களோடு, கேட்டவருக்கென்று கேட்டபோது செய்து தருவது என்ற பொருளும் உண்டு. இந்த மூன்றாவது பொருளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இனி நடந்ததைச் சொல்கிறோம். ஓர் ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை. எங்களில் ஒருவர் வீட்டில் ஏ.சி. நின்றுவிட்டது. அன்று எத்தியோப்பியாவின் யிர்காச்செஃபே பகுதிக் கொட்டை புதிதாக வந்திருந்ததால் நாங்கள் மூன்று பேர் அங்கே கூடியிருந்தோம். மெயின்டனன்ஸிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் பாகிஸ்தான்காரர், மற்றவர் அறந்தாங்கிப் பக்கத்துப் பிள்ளை. பால்கனிக்கும் ஹாலுக்குமாக ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வேலை செய்தார்கள். நாங்கள் அடுக்களையில் அரைவையைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தோம். சரியாக வராத நான்கு கோப்பைக் காப்பியைத் தொட்டியில் கொட்டினோம். ஐந்தாவது பிரமாதமாக வந்தது. வேலை முடிந்தபோது அவர்களுக்கு ஃபிரிட்ஜிலிருந்து இரண்டு சிறிய தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினோம்.

அந்த வீட்டு நண்பரின் தாயார் விசிட் விசாவில் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். எழுபத்தாறு வயது. ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், கதவைச் சாத்திய பிறகு கேட்டார்:

"ஏம்ப்பா, வீடு பூரா காப்பி மணக்குது. அந்தப் புள்ளைங்களுக்கு ஒரு வாய் கொடுத்தீங்களா?"

"தண்ணி கொடுத்தோமேம்மா."

"தண்ணி கொடுத்தது சரி. காப்பி கொடுத்தீங்களான்னு கேட்டேன்."

"இது அவங்களுக்குப் பிடிக்காதும்மா. பால் இல்லாம கசக்கும்."

"கேட்டீங்களா?"

அவ்வளவுதான். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்களிடம் பதிலும் இல்லை. அன்று மாலை வீடு திரும்பும்போதும் அதற்குப் பிறகும் அந்த ஒற்றைச் சொல் எங்களை விட்டுப் போகவில்லை. ஏன் கேட்கத் தோன்றவில்லை என்பதே நாங்கள் இங்கே ஆராய நினைக்கும் கேள்வி.

முதலில் தோன்றும் பதில், இந்தப் பொழுதுபோக்கே தவறு என்பது. நாவுக்கு அடிமையானவன் பிறரை எப்படி நினைப்பான் என்று கேட்கலாம். காப்பியின் மேல் இந்தக் குற்றச்சாட்டு புதிதல்ல. யேமன் நாட்டு சூஃபிகள் இரவு வழிபாட்டில் கண் விழித்திருக்கக் காப்பி அருந்தினார்கள். அது மெக்காவுக்குப் பரவியபோது, அந்நகர ஆளுநராக இருந்த கயிர் பேக் 1511-ஆம் ஆண்டு மார்க்க அறிஞர்களையும் வைத்தியர்களையும் கூட்டி விசாரித்து அதைத் தடை செய்தார். கெய்ரோவிலிருந்த சுல்தானின் ஆணை வந்து அந்தத் தடை விரைவிலேயே தளர்ந்தது. நம் ஊரிலும் காப்பி பரவிய காலத்தில், நீராகாரம் குடித்து வளர்ந்த தேகத்துக்கு இந்த வழக்கம் கேடு என்று பெரியவர்கள் வருந்தியதை வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி தம் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் சுவையாக எழுதியிருக்கிறார். தேநீர், காப்பி, கோகோ எதுவும் உடலுக்குத் தேவையில்லை என்பது காந்தியடிகளின் கருத்து. ஆரோக்கியத்தைப் பற்றி 1942-இல் சிறையில் இருந்தபோது எழுதிய நூலில் அவர் அதைச் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பெரியவர்களை மறுத்துப் பேச நாங்கள் துணியவில்லை. ஆனால் காப்பியை விட்டவரெல்லாம் வந்தவரைக் கவனிப்பவராக ஆகிவிடுவதில்லை. மிகக் கடுமையான நியமங்களோடு வாழ்ந்து, வாசலில் வந்து நின்றவரிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். அந்தத் தாயாரும் காப்பி குடிப்பவர்தான். ஒரு நாளைக்கு மூன்று வேளை, டபரா டம்ளரில், நுரை பொங்க ஆற்றிக் குடிப்பவர். ஆகவே குற்றத்தைக் காப்பியின் தலையில் கட்டுவது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை.

இரண்டாவது பதில் இதற்கு நேர் எதிரானது. ஒரு சிறு காரியத்தைக் கவனமாகச் செய்வதே ஒரு தவம், காப்பி போடுவதிலும் மனம் ஒருமைப்படுகிறது, அதில் தவறே இல்லை என்பது அது. நாங்களே ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிக்கொண்டதுண்டு. இதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. பதினெட்டு கிராமைப் பதினெட்டாகவே நிறுத்துப் போடும் கைக்கு ஒரு ஒழுங்கு வருகிறது. ஆனால் அன்று எங்கள் கவனத்தில் எந்தக் குறையும் இருக்கவில்லை. அடுக்களையில் விநாடி விநாடியாக எண்ணிக்கொண்டிருந்தோம். பத்தடி தூரத்தில் வியர்த்துக்கொண்டிருந்த இருவர் மட்டும் அந்தக் கவனத்துக்குள் வரவில்லை. இன்னொன்றும் பிறகுதான் உறைத்தது. அந்தக் கொட்டை விளைந்த மலையின் உயரம் எத்தனை மீட்டர், எந்த முறையில் கழுவிக் காயவைத்தது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். பாக்கெட்டில் அச்சடித்திருந்தது. ஒன்றரை மணி நேரம் எங்கள் வீட்டில் வேலை செய்தவரின் பெயர் எங்களுக்குத் தெரியாது.

ஆக, கவனம் இருந்தால் போதாது, அது யாரை நோக்கியது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கோவிலில் நைவேத்தியம் செய்பவரை நினைத்துப் பாருங்கள். உப்பு, புளி, பதம் எல்லாவற்றிலும் அவருக்குக் கவனம் உண்டு. ஆனால் அவர் ருசி பார்ப்பதில்லை. முதலில் அது இன்னொருவருக்கு. படைத்த பிறகு பிரசாதமாக வெளியே வருகிறது. பர் துபாய்ப் பழைய கோவில் நாட்களிலிருந்து, 2022-இல் திறந்த ஜெபல் அலிக் கோவில் வரை, பிரசாதம் வாங்கும் வரிசையில் கம்பெனி மேனேஜரும் லேபர் கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் வந்தவரும் ஒருவர் பின் ஒருவராக நின்றுதானே கை நீட்டுகிறோம்? அந்த வரிசையில் இயல்பாக நிற்கும் நாம், வீட்டுக்கு வந்ததும் வேறு மனிதராகி விடுகிறோம்.

நைவேத்தியம் தெய்வ காரியம், வீட்டுக் காப்பியோடு ஒப்பிடலாமா என்று சிலர் கேட்கலாம். அப்படியானால் நாம் பிழைக்க வந்த இந்த மண்ணின் வழக்கத்தையே பார்ப்போம். அரபு மக்களின் கஹ்வா வெளிர் வறுவலில், ஏலக்காய் சேர்த்து, பாலும் சர்க்கரையும் இல்லாமல் போடுவது. பேரீச்சம்பழத்தோடு தருவார்கள். ஊற்றுபவர் இடக்கையில் தல்லாவைப் பிடித்து, வலக்கையால் ஃபின்ஜானை நீட்டுவார். கைப்பிடி இல்லாத அந்தச் சிறு கிண்ணத்தில் கால்பங்கு அளவுதான் ஊற்றுவார்கள். விளிம்புவரை ஊற்றுவது, குடித்துவிட்டுக் கிளம்பு என்பதுபோல் ஆகிவிடும் என்று இவ்வூர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. விருந்தினர் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்டும்வரை திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டிருப்பார்கள். எப்போது போதும் என்பதை முடிவு செய்வது குடிப்பவர். அமீரகம், சவூதி அரேபியா, ஓமன், கத்தார் ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து முன்மொழிந்து, 2015-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்தக் காப்பி இடம்பெற்றது. அந்தப் பதிவின் தலைப்பிலேயே அது தாராள மனத்தின் சின்னம் என்று குறித்திருக்கிறார்கள். நாம் நாள்தோறும் கையாளும் ஒரு திர்ஹாம் நாணயத்தில் இருப்பதும் தல்லாவின் உருவம்தான்.

நமக்குக் காப்பி வந்த வழியும் இந்தப் பக்கத்திலிருந்துதான். பதினேழாம் நூற்றாண்டில் பாபா பூதன் என்ற சூஃபிப் பெரியவர் ஹஜ் யாத்திரை முடித்துத் திரும்புகையில், யேமனின் மொக்கா துறைமுகத்திலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லி வருவது. அந்த ஏழு கொட்டையின் பேரப்பிள்ளைகளைப் பொடியாக்கி நாம் பெட்டியில் வைத்து மறுபடி அரபு நாட்டுக்கே கொண்டுவந்தோம். கொட்டை வந்து சேர்ந்துவிட்டது. அதோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய வழக்கத்தை நாம் கொண்டுவந்தோமா என்பதுதான் சந்தேகம்.

நம்மிடம் விருந்தோம்பல் இல்லாமலில்லை. திருக்குறளில் அதற்கென்றே ஒன்பதாம் அதிகாரம் இருக்கிறது. பெரிய புராணத்தில் இளையான்குடி மாறனாரின் கதையை நம் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறோம். செல்வமெல்லாம் போய், வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லாத நிலையில், மழை இரவில் ஓர் அடியார் வந்து நிற்கிறார். மனைவியின் யோசனைப்படி மாறனார் இருட்டில் வயலுக்குப் போய், அன்று விதைத்த நெல்லையே வாரிக்கொண்டு வருகிறார். விறகில்லாததால் கூரைக் கட்டையை அறுத்துக் கொடுக்கிறார். கொல்லையில் முளைத்திருந்த கீரையையும் அவரே பறித்துத் தர, கறி சமைக்கிறார் அந்த அம்மையார். வந்திருப்பவர் சிவபெருமான் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. இந்தக் கதையைச் சொல்லும் வீட்டில்தான் நாங்கள் நான்கு கோப்பையைத் தொட்டியில் கொட்டினோம்.

ஆனால் நம் பரம்பரைச் சொத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதி உண்மையாகிவிடும். காப்பி ஹோட்டல்கள் தோன்றிய காலத்தில் சாதி பார்த்துத் தனி இடம் ஒதுக்கிய ஊர் நம் ஊர். சிலரை உள்ளேயே விடாத ஊரும் அதுதான். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் யாரையும் தடுக்கக்கூடாது என்றது; தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. அதன் பிறகும் பல கிராமத்து டீக்கடைகளில் சிலருக்கென்று தனிக் குவளை வைத்திருந்த இரட்டைக் குவளைக் கொடுமையை நாம் அறிவோம். நம்மில் சிலர் வீட்டுக் கொல்லைப்புறத்திலும், வேலை செய்ய வந்தவருக்கென்று ஓர் அலுமினியத் தம்ளர் தனியாகக் கவிழ்ந்திருந்தது. சிறு வயதில் அதைப் பார்த்தோம், ஏன் என்று கேட்கவில்லை.

இங்கே வந்த பிறகு அந்தத் தம்ளர் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அது காகிதக் கோப்பையாக மாறியிருக்கிறது. நண்பர் வந்தால் பீங்கான் கோப்பையில் எஸ்பிரெஸ்ஸோ. சாமான் தூக்கி வந்தவருக்கு, கொடுத்தால், காகிதக் கோப்பையில் இன்ஸ்டன்ட். சாதியை நினைத்து நாங்கள் அப்படிச் செய்யவில்லை என்பது மெய். சுத்தம், சௌகரியம், அவசரம் என்று காரணங்கள் சொல்லலாம். அந்தக் காலத்தில் அலுமினியத் தம்ளரை வைத்தவர்களும் சுத்தம் என்றுதானே சொன்னார்கள்?

வெளியாரை விடுங்கள், வீட்டுக்குள்ளேயே இந்தக் கேள்வி எழுகிறது. எங்கள் மனைவிமார் இருபது முப்பது வருடமாக விடியற்காலை எழுந்து டிகாக்ஷன் இறக்கிக் காப்பி போட்டு வந்தார்கள். காய்ச்சல் என்றாலும் போட்டார்கள். மாமனாருக்குச் சர்க்கரை இல்லாமல், பிள்ளைக்குப் பால் கூடுதலாக, வந்தவருக்குக் கேட்டபடி என்று ஒவ்வொருவர் ருசியும் அவர்களுக்கு மனப்பாடம். அதை யாரும் கலை என்றோ பொழுதுபோக்கு என்றோ சொன்னதில்லை. வீட்டு வேலை என்றோம். நாங்கள் மெஷின் வாங்கி வார இறுதியில் நான்கு கோப்பை போட்டதும் அது கலையாகிவிட்டது. போதாக்குறைக்கு, அவர்கள் ஃபில்டரில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, பொடி அதிகம் ஊறிவிட்டது, சிக்கரி நாக்கை மறைக்கிறது என்று பாடம் வேறு எடுத்தோம். மெஷினை யார் துடைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்: பெரும்பாலும் நாங்கள் அல்ல. ருசி வளர வளர பிறர் கையால் போட்டதைக் குறை சொல்லும் குணமும் கூடவே வளர்ந்திருக்கிறது. பஜனைக்குப் போன இடத்தில் கொடுத்த காப்பியைப் பாதி வைத்துவிட்டு எழுந்தவரும் எங்களில் உண்டு.

இதற்கும் அப்பால் நம் பார்வையில் படாத கைகள் இன்னும் பல. இலங்கை மலைநாட்டில் தேயிலைக்கு முன்னால் இருந்தது காப்பிதான் என்பது நம் இலங்கை அன்பர்களுக்குத் தெரியும். ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்து நம் மக்கள் கடல் கடந்து, காட்டு வழியே நடந்தே கண்டி மலைக்குப் போய் அந்தக் காப்பியைப் பறித்தார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் பசியிலும் மாண்டவர் ஏராளம். 1869-இல் இலைத்துரு நோய் வந்து, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அங்கே காப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. அந்த மக்களின் ஊர்தான் அறந்தாங்கிப் பக்கமும். அங்கிருந்து அன்று காப்பி பறிக்கப் போனார்கள், இன்று ஏ.சி. பழுது பார்க்க வருகிறார்கள். நாமும் பிழைக்க வந்தவர்கள்தான் என்பதை நினைத்தால், அந்தப் பிள்ளைக்கும் நமக்கும் உள்ள தூரம் ஒரு படிப்பும் ஒரு விசாவின் வகையும்தான்.

இதற்கு மறுப்பாகச் சொல்லக்கூடியவற்றையும் நாங்கள் எண்ணிப் பார்த்தோம். வேலைக்கு வந்தவருக்கு நேரக் கணக்கு இருக்கும், அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும். உட்காரச் சொன்னால் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். நாம் வற்புறுத்திக் கொடுத்தால் அது நம் பெருமைக்காகவே ஆகிவிடும். எல்லாம் சரிதான். கொடுத்தே தீர வேண்டும் என்று அந்தத் தாயாரும் சொல்லவில்லை. "கேட்டீங்களா" என்றுதான் கேட்டார். கேட்டால் அவர் வேண்டாம் என்று சொல்லலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமைகூட, கேட்டால்தானே அவருக்குக் கிடைக்கும்? ஃபின்ஜானை ஆட்டிக் காட்டுவது விருந்தினரின் உரிமை. ஊற்றாமலே இருந்துவிட்டு, அவர் வேண்டாம் என்றிருப்பார் என்று நாமே முடிவு கட்டுவது நியாயமாகாது. அவருக்குப் பிடிக்காது என்று நாங்கள் சொன்னதில், இந்த ருசி தெரிந்துகொள்ள அவருக்குத் தகுதி இல்லை என்ற எண்ணம் ஒளிந்திருந்ததை இப்போது உணர்கிறோம். விலை உயர்ந்த கொட்டை வீணாகிவிடுமே என்ற கணக்கும் அடியில் இருந்தது. தொட்டியில் கொட்டியபோது அந்தக் கணக்கு குறுக்கே வரவில்லை.

இந்நாட்டுச் சட்டம் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்கிறது. அது நல்ல சட்டம், பலரைக் காத்திருக்கிறது. ஆனால் ஒருவர் பெயரைக் கேட்பதற்கும், காப்பியா டீயா என்று விசாரிப்பதற்கும் எந்த நாட்டிலும் சட்டம் போட முடியாது. அது வீட்டுக்காரர் செய்ய வேண்டியது.

ஆகவே எங்களுக்கு எட்டிய முடிவு இதுதான். ருசியை வளர்ப்பது பாவமல்ல, மெஷினை விற்றுவிட வேண்டியதும் இல்லை. ஒரு கலையை நாம் கற்றால் அது யாருக்குப் பயன்படுகிறது என்பதை வைத்தே அதை எடை போட வேண்டும். நாம் கற்றது நம் நாக்கோடு நின்றுவிட்டால், எத்தனை நுட்பமாகச் செய்தாலும் அது போகம்தான். அதே கை, கேட்டவருக்குக் கேட்டபோது செய்து தருமானால், வெறும் இன்ஸ்டன்ட் காப்பியானாலும் அதில் தர்மம் இருக்கிறது. எஸ்பிரெஸ்ஸோ என்ற சொல்லின் மூன்றாவது பொருளும் அதுவே. அந்தச் சொல்லை மெஷினோடு சேர்த்து வாங்கிவிட்டு, பொருளைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

நாங்கள் சில சிறு ஏற்பாடுகள் செய்துகொண்டோம். சோதனைக்குப் போடும் காப்பியைக் கொட்டாமல் பாலில் கலந்து நாங்களே குடிப்பது. வீட்டில் காகிதக் கோப்பை வைத்துக்கொள்வதில்லை. மெஷினைப் போட்டவரே துடைப்பது. வாரத்தில் இரண்டு நாளாவது விடியற்காலைக் காப்பி எங்கள் பொறுப்பு, அதுவும் ஒவ்வொருவர் கேட்டபடி. இதில் மிகக் கஷ்டமாக இருப்பது கடைசி ஏற்பாடுதான் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆசையாகப் போடுவது வேறு, தூக்கம் கலையாத கண்ணோடு ஐந்து மணிக்குப் போடுவது வேறு என்று இப்போது தெரிகிறது.

நவம்பர் மாதத்தில் அதே வீட்டில் குழாய் ஒழுகிப் பழுது பார்க்க ஒருவர் வந்தார். நண்பர் முதலில் பெயரைக் கேட்டார், பிறகு காப்பியா டீயா என்று கேட்டார். அவர் சற்றுத் தயங்கி, "டீ இருந்தா போதும் சார், சர்க்கரை கொஞ்சம் தூக்கலா" என்றார். அலமாரியைத் திறந்தால் நல்ல டீத்தூள் ஒரு கரண்டி இல்லை. இத்தனை சாமான் அடைத்துவைத்திருந்த மேடையில், வந்தவர் கேட்ட ஒன்று மட்டும் இல்லை. கீழே கஃபெட்டீரியாவுக்குப் போன் செய்து கரக் டீ வரவழைத்து, வீட்டுத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து குடித்தார்கள். மறுநாள் டீத்தூள் வாங்கியாயிற்று.

அன்று இரவு ஊருக்குப் போன் செய்தபோது நண்பர் இதைத் தாயாரிடம் சொன்னார். அவர் பாராட்டவெல்லாம் இல்லை. "அந்தப் புள்ளை பேரு என்ன?" என்று மட்டும் கேட்டாராம். இந்த முறை சொல்லத் தெரிந்தது.

இதைப் படிக்கும் அன்பர்கள், தமிழ் வாசிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொன்னால் மகிழ்வோம். அவர்கள் நம்மைவிட நல்ல காப்பி போடப்போகிறார்கள் என்பதில் ஐயமில்லை. போடுமுன் கேட்கும் பழக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவானாக.